மனத்தில் ஒத்திகை, கையில் பயிற்சி: எதற்கு எவ்வளவு நேரம்?

ஒரு திறனில் முன்னேற விரும்பும் ஒருவரிடம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வயலின் வாசிப்பவராக இருக்கலாம், கூடைப்பந்து ஆடுபவராக இருக்கலாம், அறுவைச் சிகிச்சை பழகும் இளம் மருத்துவராகவும் இருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தை முழுவதுமாகச் செய்து பழகுவதற்கே கொடுப்பதா, அதில் ஒரு பங்கை எடுத்து அதே செயலை மனத்துக்குள் நடத்திப் பார்ப்பதற்கு ஒதுக்குவதா, அல்லது அந்த ஒரு மணி நேரத்தைத் தொடாமல் மன ஒத்திகையை நாளின் வேறோர் இடைவெளியில் வைத்துக்கொள்வதா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இவை தவிர, காயத்தாலோ கருவி கைக்கு எட்டாததாலோ செய்து பழகவே வழியில்லாமல் மன ஒத்திகையை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலையும் சிலருக்கு வருகிறது.

இந்த நான்கு வழிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "இரண்டையும் சேர்த்துச் செய்வதே நல்லது" என்பதோடு முடிந்துவிடுகிறது. அது பொய்யில்லை, ஆனால் முடிவெடுக்க நிற்பவருக்கு அது உதவுவதில்லை. சேர்ப்பது என்றால் எதை எடுத்துவிட்டுச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டும். மன ஒத்திகை எந்த நேரத்தை விழுங்குகிறது, பழகுபவரின் உடலில் அந்தச் செயல் ஏற்கெனவே படிந்திருக்கிறதா என்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் முடிவு அவ்வளவு கடினமாக இருக்காது என்பது என் கருத்து. இதுவரை நடந்த ஆய்வுகளில் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றும் சில முடிவுகளும் இந்த இரண்டையும் கொண்டு பார்த்தால் பெருமளவு ஒத்துப்போகின்றன.

செய்து பழகுவது மட்டும்

இதுவே எல்லோரும் இயல்பாகத் தேர்ந்துகொள்ளும் வழி. அதற்குக் காரணமும் இருக்கிறது. செய்து பழகும்போது உலகம் பதில் சொல்கிறது. எறிந்த பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பினால், விசை போதவில்லை என்பது அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. வில் தந்தியில் உரசி எழுப்பிய ஓசை சற்றே தாழ்ந்திருந்தால், விரல் ஓர் இழை பின்னால் விழுந்திருக்கிறது என்பதைக் காது சொல்லிவிடுகிறது. மூளை ஒவ்வோர் அசைவுக்கும் முன்பாக அதன் விளைவு இப்படித்தான் இருக்கும் என்று ஒரு கணிப்பைச் செய்துகொள்கிறது. நடந்தது அந்தக் கணிப்பிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் கொண்டுதான் அடுத்த அசைவு திருத்தப்படுகிறது. இந்த வேலையில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. மன ஒத்திகையில் கணிப்பு இருக்கிறது, ஆனால் அதைச் சரிபார்க்க வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. மனத்துக்குள் எறியும் பந்து நாம் விரும்பும் இடத்திலேயே விழுகிறது.

ஆகவே வேறெந்த வழியை எடுத்துக்கொண்டாலும் அதை இந்த வழியோடுதான் ஒப்பிட வேண்டும். இதன் குறைகளும் எல்லோரும் அறிந்தவையே. உடல் களைத்த பிறகு செய்யும் பயிற்சி களைத்த அசைவையே பழக்குகிறது. தசைநார்களும் மூட்டுகளும் ஓரளவுக்கு மேல் ஒரே அசைவைத் தாங்குவதில்லை. களமும் கருவியும் எப்போதும் கிடைப்பதில்லை. கவனம் வேறெங்கோ இருக்கக் கை மட்டும் நூறு முறை செய்துகொண்டிருக்கும் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் பழைய பிழை இன்னும் ஆழமாகப் படிகிறது. மன ஒத்திகைக்கு இந்தக் கடைசிக் குறை கிடையாது. கவனம் விலகிய நொடியே ஒத்திகை நின்றுபோகும்.

மனத்தில் மட்டும்

செயலைக் கற்பனை செய்வதால் மட்டும் திறன் கூடுமா என்ற கேள்விக்கு ஆம் என்ற விடை உறுதியாகவே கிடைத்திருக்கிறது. ஆல்வாரோ பாஸ்குவல்-லியோனும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. பியானோ வாசித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஐந்து விரல்களாலும் வாசிக்கும் எளிய பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழு 5 நாள்கள், நாளொன்றுக்கு 2 மணி நேரம் விசைகளை அழுத்திப் பழகியது. இன்னொரு குழு அதே நேரம் பியானோவின் முன் அமர்ந்து, விரலை அசைக்காமல், மனத்துக்குள் மட்டும் வாசித்தது. விரல்களை இயக்கும் தசைகளுக்கான மூளைப் புறணிப் பகுதி இரு குழுவினருக்கும் விரிவடைந்திருந்தது. மனத்துக்குள் வாசித்தவர்கள் ஐந்தாம் நாளில் எட்டிய தரம், கையால் வாசித்தவர்கள் மூன்றாம் நாளில் எட்டிய தரத்துக்கு ஒத்திருந்தது. அதன் பின்பு அவர்கள் ஒரே ஒரு 2 மணி நேர அமர்வு கையால் வாசித்ததும், ஐந்து நாளும் கையால் வாசித்தவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

இந்த ஆய்வைச் சொல்பவர்கள் மூளை விரிவடைந்ததைச் சொல்லி வியப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முடிவெடுப்பவருக்கு அந்தக் கடைசி 2 மணி நேரமே முக்கியம். மன ஒத்திகை திறனைப் பாதி தூரம் கொண்டுவந்து வைத்திருந்தது. அதைக் கைக்குக் கொண்டுவரத் தொட்டுப் பழகும் அமர்வு ஒன்று தேவைப்பட்டது. மனத்தில் மட்டும் என்ற வழியை நிரந்தரமான வழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வலிமையிலும் இதே போக்குதான். குவாங் யூ, கெல்லி கோல் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டுவிரலை வெளிப்புறமாக விலக்கும் தசையை 4 வாரங்கள் உண்மையாகச் சுருக்கிப் பழகியவர்களின் விசை 30 விழுக்காடும், சுருக்குவதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களின் விசை 22 விழுக்காடும் கூடியது. எதுவும் செய்யாதவர்களுக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு. கற்பனையால் தசை பருத்துவிடவில்லை. தசைக்குக் கட்டளை அனுப்பும் நரம்பு வழி கூர்மையானது. அன்றாடம் தனியே பயன்படுத்தாத சிறு தசையில் கிடைத்த இந்தப் பயனைப் பெரிய தசைகளுக்கும் அப்படியே எதிர்பார்ப்பது தவறு.

பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தாலும் வரிசை மாறுவதில்லை. ஜேம்ஸ் டிரிஸ்கெலும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் செய்த தொகுப்பாய்வில், பயிற்சியே இல்லாததோடு ஒப்பிட்டபோது செய்து பழகியதன் விளைவு அளவு (பயனின் பருமனைக் காட்டும் எண்; எண் பெரிதானால் பயனும் பெரிது) 0.78 என்றும், மனத்துக்குள் பழகியதன் விளைவு அளவு 0.53 என்றும் வந்தது. மன ஒத்திகைக்கு உண்மையான பயன் இருக்கிறது, ஆனால் அது இரண்டாம் இடத்தில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1983-இல், டெபோரா ஃபெல்ட்ஸும் டேனியல் லேண்டர்ஸும் செய்த தொகுப்பாய்வு இன்னொன்றையும் காட்டியிருந்தது. எந்த அசைவுக்குப் பிறகு எது, எந்த இடத்தில் முடிவெடுப்பது என்று சிந்தனை மிகுந்த பணிகளில் மன ஒத்திகையின் பயன் பெரிது. வெறும் விசை சார்ந்த பணிகளில் அது சிறிது. நடனத்தின் அசைவு வரிசை, இசையுருப்படியின் அமைப்பு, அறுவைச் சிகிச்சையின் படிநிலைகள் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. பளு தூக்குவது இரண்டாம் வகைக்கு அருகில் இருக்கிறது.

இருக்கும் நேரத்தைப் பங்கு போடுவது

உண்மையான இழுபறி இங்கேதான். ஒரு மணி நேரத்தில் அரை மணியை மன ஒத்திகைக்குக் கொடுத்தால் லாபமா, நட்டமா?

1991-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. ஹர்ட், லேண்டர்ஸ் முதலியோர், மாணவர்களை ஆறு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முழுவதும் செய்து பழகுதல், அடுத்ததற்கு முக்கால் பங்கு செய்தும் கால் பங்கு மனத்திலும், அடுத்ததற்குப் பாதிப் பாதி, அடுத்ததற்குக் கால் பங்கு செய்தும் முக்கால் பங்கு மனத்திலும், இன்னொன்றுக்கு முழுவதும் மனத்தில், கடைசிக் குழுவுக்குத் தொடர்பில்லாத வேறு வேலை. பணிகள் இரண்டு: முளைகளைத் துளைகளில் விரைவாகப் பொருத்துவது ஒன்று, சுழலும் தட்டிலுள்ள புள்ளியைக் கையிலுள்ள கோலால் விடாமல் தொடர்வது மற்றொன்று. மன ஒத்திகை செய்த குழுக்களும் எதுவும் பழகாத குழுவைவிட மேலாக இருந்தன. ஆனால் செய்து பழகிய பங்கு கூடக் கூட முன்னேற்றமும் கூடியது. மொத்த அளவை மாற்றாமல், செய்து பழகுவதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மன ஒத்திகையை வைத்தால் இழப்புதான் என்பது இந்த ஆய்வின் விடை.

2008-இல் டேவ் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வின் விடை இதற்கு நேர்மாறாகத் தோன்றும். அதில் கலந்துகொண்ட 32 பேரும் மாவட்ட அளவிலோ பன்னாட்டு அளவிலோ ஆடுபவர்கள். மணற்குழியிலிருந்து பந்தை வெளியே அடித்துக் கொடிக்கு அருகில் நிறுத்துவது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணி. ஒரு குழு வாரத்துக்கு இரு முறை 15 பந்துகளை உண்மையாக அடித்தது. இரண்டாம் குழு வாரத்துக்கு இரு முறை அதே 15 அடிகளை மனத்துக்குள் அடித்தது. மூன்றாம் குழு வாரத்தில் ஒரு முறை உண்மையாகவும் ஒரு முறை மனத்துக்குள்ளும் அடித்தது. நான்காம் குழுவுக்குப் பயிற்சி இல்லை. 6 வாரங்களுக்குப் பிறகு மூன்றாம் குழுவே மற்றெல்லாரையும்விட முன்னேறியிருந்தது. உண்மையாக மட்டும் அடித்தவர்களுக்கும் மனத்துக்குள் மட்டும் அடித்தவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, செய்து பழகுவதில் பாதியை எடுத்துவிட்டு மன ஒத்திகையை வைத்தவர்கள், முழுவதும் செய்து பழகியவர்களை முந்தினார்கள்.

இரண்டு ஆய்வுகளில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதில்லை. பழகியவர்கள் யார் என்று பார்த்தால் முரண்பாடு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. முளைகளைப் பொருத்தியவர்கள் அந்தப் பணிக்குப் புதியவர்கள். அவர்கள் மனத்தில் நடத்திப் பார்க்க அந்த அசைவின் உருவம் இன்னும் அவர்களுக்குள் ஏறவில்லை. கோல்ஃப் ஆட்டக்காரர்களோ அந்த அடியை ஆண்டுக்கணக்கில் அடித்தவர்கள். மணலுக்குள் மட்டை இறங்கும்போது மணிக்கட்டில் எழும் எதிர்ப்பு எவ்வளவு, பந்து எந்த ஓசையோடு கிளம்பும் என்பதெல்லாம் அவர்களுக்குள் இருந்தன. மன ஒத்திகையில் அவற்றை அழைக்க முடிந்தது. அவர்களுக்கு வாரத்தில் இன்னும் 15 பந்துகளை அடிப்பதால் கிடைக்கக்கூடிய புதிய செய்தி மிகக் குறைவு. ஒவ்வோர் அடியையும் தொடக்கம் முதல் முடிவு வரை முழுக் கவனத்தோடு கடந்துவருவதற்கு மன ஒத்திகை கொடுத்த வாய்ப்பு அதைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். ஒத்திகை நடத்தப்பட்ட முறையும் சாதாரணமானதன்று. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு இது. புதிதாகத் தொடங்குபவர் தம் பயிற்சி நேரத்திலிருந்து ஒரு நிமிடத்தையும் மன ஒத்திகைக்குப் பிடுங்கிக் கொடுக்க வேண்டாம். அசைவின் வரிசையை நினைவில் பதித்துக்கொள்ள மட்டும் அவருக்கு அது உதவும். அதைப் பயிற்சி நேரத்துக்கு வெளியே செய்துகொள்ளலாம். செயலைத் தட்டுத் தடுமாறாமல் செய்யும் நிலைக்கு வந்துவிட்டவர், உடல் களைக்கத் தொடங்கும் கடைசிப் பகுதியை மன ஒத்திகைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்தில் கடைசிக் கால் மணி நேரம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. பாதிக்குப் பாதி என்பதை நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கும், காயம் வராமல் காத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கும் மட்டும் விட்டுவிடலாம்.

பயிற்சியைக் குறைக்காமல் மேலே சேர்ப்பது

நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு இதில் தயங்க எதுவுமில்லை. பக்கவாதத்தால் கை செயலிழந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சைப் பயிற்சியோடு மன ஒத்திகையைச் சேர்த்தபோது கையின் இயக்கம் கூடுதலாக மேம்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிகிச்சைப் பயிற்சிக்குப் பதிலாக வைக்காமல் அதோடு சேர்த்தே அவற்றில் அது கொடுக்கப்பட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பையைக் குழாய்க் கருவிகளால் அகற்றும் சிகிச்சையைக் கணினி மாதிரியில் பழகிய புதிய மருத்துவர்களில், ஒவ்வொரு முறைக்கும் முன்பாக அந்தச் சிகிச்சையை மனத்துக்குள் நடத்திப் பார்த்தவர்களின் செயல்தரம் உயர்ந்திருந்தது. புதியவர்களுக்கும் இது பயன்பட்டதற்குக் காரணம் தெளிவு: படிநிலைகள் நிறைந்த வேலை அது, செய்து பழகும் நேரமும் குறைக்கப்படவில்லை.

இந்த வழியில் கவனிக்க வேண்டியது அளவு மட்டும்தான். டிரிஸ்கெல் குழுவினரின் தொகுப்பாய்வில் ஓர் அமர்வுக்குச் சுமார் 20 நிமிடம் ஏற்றதாகத் தெரிந்தது; அதற்கு மேல் நீள நீளப் பயன் குறைந்தது. உண்மையில் முழுக் கவனத்தோடு 20 நிமிடம் என்பதே நீண்ட நேரம். ஐந்து நிமிடத்தில் மனம் அலையத் தொடங்குபவர், ஐந்து நிமிடமாக இரண்டு முறை செய்வதே மேல். மன ஒத்திகையின் பயன் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் பாதியாகத் தேய்ந்துவிடுகிறது என்பதும் அதே தொகுப்பில் தெரிந்தது. ஆகவே போட்டிக்கு ஒரு மாதம் முன்பு ஆர்வமாகச் செய்துவிட்டுப் பின்பு விட்டுவிடுவதால் பயனில்லை. இடையிடையே தொடர வேண்டும், குறிப்பாகக் கடைசி வாரத்தில்.

ஒத்திகை எப்படி நடக்கிறது என்பதும் கணக்கில் வரும்

இதுவரை மன ஒத்திகை என்று ஒரே பெயரால் குறிப்பிட்டதற்குள் மிக வேறுபட்ட செயல்கள் அடங்கியிருக்கின்றன. படுக்கையில் சாய்ந்தபடி, பதக்கம் கழுத்தில் விழுவதை நினைத்து மகிழ்வதும் மன ஒத்திகை என்றே வழங்கப்படுகிறது. அது பயிற்சியாகாது. லியன் ஃபாமும் ஷெல்லி டெய்லரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முன்பு நாள்தோறும் சில நிமிடங்கள், எங்கே எப்போது எப்படிப் படிப்போம் என்பதை மனத்தில் நடத்திப் பார்த்த மாணவர்கள், உயர்ந்த மதிப்பெண் கிடைப்பதை மட்டும் கற்பனை செய்தவர்களைவிட அதிகம் படித்தார்கள், அதிக மதிப்பெண்ணும் பெற்றார்கள். மதிப்பெண்ணை மட்டும் கற்பனை செய்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த இன்பமே போதுமானதாக இருந்துவிட்டது போலும். ஆகவே மேற்கண்ட நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும், ஒத்திகையில் வர வேண்டியது செயலின் போக்கு. விளைவு அதன் முடிவில் ஒரு நொடி வந்து போனால் போதும்.

பால் ஹோம்ஸ், டேவ் காலின்ஸ் இருவரும் 2001-இல் 'பெட்லெப்' என்ற முறையை வகுத்தார்கள். கோல்ஃப் ஆய்வில் பயன்பட்டது இதுவே. செயலைக் கற்பனை செய்யும்போதும் அதைச் செய்யும்போதும் மூளையில் இயங்கும் பகுதிகள் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிவதால், கற்பனையை உண்மைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவருகிறோமோ அவ்வளவு பயன் என்பது அதன் அடிப்படை. உடல், சூழல், பணி, நேரம், கற்றல், உணர்ச்சி, பார்வைக் கோணம் என்று ஏழு கூறுகளை அது கேட்கிறது. சாய்ந்து படுக்காமல், ஆடும் உடையில், ஆடும் நிலையில், மட்டையைக் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும். முடிந்தால் அந்த இடத்திலேயே, இல்லையேல் அதன் படத்தையோ ஒலியையோ வைத்துக்கொள்ள வேண்டும். தம் இப்போதைய திறன் எதுவோ அதைக் கற்பனை செய்ய வேண்டும், திறன் வளர வளரக் கற்பனையையும் புதுப்பிக்க வேண்டும். பதற்றமும் அதில் வர வேண்டும். கற்பனையில் எப்போதும் அமைதியாக இருந்துவிட்டு மேடையில் இதயம் படபடக்கும்போது, அந்த ஒத்திகைக்கும் மேடைக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடுகிறது.

ஏழில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது நேரம். மார்க் ஜானரோ முதலிய ஆய்வாளர்கள் காட்டியபடி, நன்கு பழகிய ஓர் அசைவைக் கற்பனை செய்ய எடுக்கும் காலமும் அதைச் செய்ய எடுக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இதை ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம். பியானோவில் வலக்கையால் ஏறுவரிசையை வாசிப்பதை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என மூன்று சுரங்கள் போனதும், நடுவிரல் இன்னும் விசையை அழுத்திக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து நான்காம் சுரத்துக்குத் தயாராக வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு, சீரான இடைவெளியில் தட்டி ஒலிக்கும் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை ஓடவிட்டு, இதை மனத்துக்குள் வாசித்துப் பார்த்தால், முதல் மூன்று சுரங்கள் தெளிவாக வரும். கட்டைவிரல் நுழையும் இடத்தில் மட்டும் பலருக்குப் படம் மங்கிவிடும். விரல் எங்கே போனது என்று தெரியாமலே நான்காம் சுரம் ஒலித்திருக்கும். கையால் வாசிக்கும்போது முழங்கை சற்றே தூக்கிக்கொள்வதும், நான்காம் சுரம் மற்றவற்றைவிட உரக்க விழுவதும் அதே இடத்தில்தான் நடக்கும். மனத்தில் மங்கும் இடமும் கையில் தடுமாறும் இடமும் இப்படிப் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நான் மன ஒத்திகைக்கு இடம் கொடுக்கச் சொல்வதற்கு மூளை ஆய்வுகளைவிட இது பெரிய காரணம்: அடுத்த முறை கருவியின் முன் அமரும்போது எதைப் பழக வேண்டும் என்பதை இது காட்டிக்கொடுக்கிறது. நிறுத்துகடிகாரத்தை வைத்துப் பார்த்தும் இதை அறியலாம். செய்ய நாற்பது நொடி எடுக்கும் ஒரு பகுதி மனத்தில் இருபது நொடியில் முடிந்துவிட்டால், இடையில் எதையோ தாண்டிக் குதித்திருக்கிறோம் என்று பொருள்.

தவறு நடப்பதைக் கற்பனை செய்யலாமா என்ற ஐயத்துக்கும் இங்கே இடம் உண்டு. ராபர்ட் உல்ஃபோக்கும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃப் பந்து குழிக்குள் விழாமல் விலகிப்போவதைக் கற்பனை செய்தவர்களின் ஆட்டம் தெளிவாகச் சரிந்தது. மறுபுறம், அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் நீந்துவதற்கு முன்பு நடக்கக்கூடிய இடர்களையும் சேர்த்தே மனத்தில் நடத்திப் பார்த்தவர் என்பது எல்லோரும் அறிந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் கண்ணாடிக்குள் நீர் நிரம்பிப் பார்வை மறைந்தபோது, அவர் கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி, உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு படம் எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. பிழையோடு முடியும் படம் பிழையைப் பழக்குகிறது. இடரில் தொடங்கி அதிலிருந்து மீளும் அசைவுகளோடு முடியும் படம் மீட்சியைப் பழக்குகிறது. புதியவர்கள் இந்த இரண்டாவதையும் தள்ளிவைப்பது நல்லது. மீள்வதற்கான அசைவே அவர்களிடம் இன்னும் இல்லை. ஃபெல்ப்ஸின் ஒத்திகை குளத்தில் அவர் நீந்திய தூரத்தைக் குறைக்கவில்லை என்பதையும் அவரை எடுத்துக்காட்டுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

படம் வராதவர்களும் காயம்பட்டவர்களும்

சிலருக்கு மனத்தில் படம் எழுவதே இல்லை. 2015-இல் ஆடம் ஜீமனும் உடன் ஆய்வாளர்களும் அஃபான்டேசியா என்று பெயரிட்ட நிலை இது. அத்தகையவர்கள் மன ஒத்திகையால் தமக்குப் பயனில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டியதில்லை. காட்சியாக எழாவிட்டாலும், தோளின் இழுப்பு, பாதத்தின் அழுத்தம், தாளத்தின் நடை என்று உடலுணர்வாக அது எழக்கூடும். அசைவுகளுக்கு நெருங்கிய தொடர்பு இந்த உடலுணர்வுக்கே அதிகம். தாம் நன்றாகச் செய்த ஒரு முறையைக் காணொளியாக எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே அந்த அசைவை உடலில் உணர முயல்வதும் பலருக்குக் கைகொடுக்கிறது. இவற்றிலும் எதுவும் எழவில்லை என்றால், நேரம் முழுவதையும் செய்து பழகுவதற்கே கொடுப்பதில் எந்தக் குறையுமில்லை.

காயம்பட்டவர்களுக்கு முடிவு எளிது. செய்து பழக முடியாத நேரத்தில் மன ஒத்திகையின் போட்டியாளர் வெறும் ஓய்வுதான். பிரையன் கிளார்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக உள்ளவர்களின் மணிக்கட்டையும் கையையும் 4 வாரங்கள் அசையாதபடி கட்டிவைத்தார்கள். சும்மா இருந்தவர்கள் வலிமையில் ஏறத்தாழ 45 விழுக்காட்டை இழந்தார்கள். வாரத்தில் 5 நாள்கள் மணிக்கட்டை முழு வலிமையோடு மடக்குவதாகக் கற்பனை செய்தவர்கள் ஏறத்தாழ 24 விழுக்காட்டையே இழந்தார்கள். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்ன காலத்தில் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் இதற்குக் கொடுப்பதால் இழக்க எதுவுமில்லை.

கட்டு அவிழ்ந்த பிறகு ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. மனத்தில் இருப்பது காயத்துக்கு முந்தைய கை; திரும்பி வந்திருப்பது இறுகிய மூட்டும் மெலிந்த தசையும் கொண்ட கை. பழைய வேகத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு அதே வேகத்தில் செய்ய முனைவது மறுபடியும் காயத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே முதல் சில வாரங்களில் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்: மருத்துவர் அனுமதித்த அளவுக்கு முதலில் மெதுவாகச் செய்து பார்த்து, அந்த அசைவு இப்போது எடுக்கும் காலத்தைக் குறித்துக்கொண்டு, மன ஒத்திகையை அந்தக் காலத்துக்கே பொருத்த வேண்டும். கை தேறத் தேற அந்தக் காலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளலாம்.